திரையில் ஒரு புள்ளியின் நிறம்

(வானூர் ஒன்றிய ஆசிரியர்களின் குறுவளமையக் கூட்டத்தில் பேசியது)

கணினி பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பு. இந்திய வரைபடத்தில் சமவெளிக்குப் பச்சை, பீடபூமிக்குப் பழுப்பு தீட்டச் சொன்னேன். அவன் கங்கைச் சமவெளியைப் பழுப்பாக்கி, தக்காணத்தைப் பச்சையாக்கியிருந்தான். “கண் எங்கேடா இருக்கு?” என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். மறுநாள் அவன் நண்பன் தனியாக வந்தான். “சார், அவன் கிரேயான்ல ஒட்டியிருக்கிற பேரைப் படிச்சுத்தான் எடுப்பான். அந்தத் தாள் கிழிஞ்சுபோச்சு சார்.”

எனக்குச் சுருக்கென்றது. கண் மருத்துவரிடம் அனுப்பினோம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகள் பலவற்றில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பு - பச்சை நிறக்குறைபாடு. (நிறக்குருடு என்ற சொல்லை நான் வகுப்பில் சொல்வதில்லை, அவன் குருடன் அல்ல.) இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளிடம்தான் இது அதிகம். நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் தேடிப் பாருங்கள்.

காகிதத்தில் அவனுக்கு வழியில்லை; திரையில் இருக்கிறது. திரையின் ஒவ்வொரு புள்ளியும், அதாவது பிக்சலும், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் 0 என்றால் கறுப்பு. கணினி ஆசிரியர் ஒருவர் துணையுடன் பைத்தானில் சிறு நிரல் எழுதினோம். பில்லோ என்ற தொகுப்பு திரையைப் படமாகப் பிடிக்கும். சுட்டி நிற்கும் புள்ளியின் மூன்று எண்களைத் தரும். அவற்றுக்கு மிக நெருங்கிய நிறத்தின் பெயரைத் தேடி, டிகிண்டர் சன்னலில் தமிழில் காட்டும்.

முதல் நாளே சொதப்பியது. சமவெளியில் சுட்டியை வைத்தால் “நீலம்” என்றது! அந்த மடிக்கணினியின் திரை அமைப்பு 125 சதவீதத்தில் இருந்தது. சுட்டி 800-இல் நிற்பதாக நிரல் நினைத்தது. பிடித்த படத்திலோ அந்த இடம் 1000. நிரல் வேறெங்கோ, கடலில், படித்துக்கொண்டிருந்தது. திரையின் உண்மையான அளவையே கொடு என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஒரு வரியைத் தொடக்கத்தில் சேர்த்ததும் சரியாயிற்று. இன்னொன்று: எல்லைக்கோட்டருகே ஒற்றைப் புள்ளியை நம்பாதீர்கள். ஓரங்களை மென்மையாக்க அங்கே இடைநிறங்கள் கலந்திருக்கும். சுற்றியுள்ள 25 புள்ளிகளில் அதிகம் வருவதை எடுத்தோம்.

இரவு ஒளி அமைப்பைப் போட்டால் நம் கண்ணுக்குத் திரை மஞ்சளாகும். நிரல் அப்போதும் வெள்ளை என்றே சொல்லும். ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், ஒரு பாடவேளை போதாது.

தேர்வுத்தாளில் நிரல் வராது. அதனால் என் வரைபடக் கேள்விகளில் இப்போது நிறத்துக்குப் பதில் கோடு, புள்ளி, கட்டம் போட்டாலும் மதிப்பெண் உண்டு.

திருவக்கரை கல்மரப் பூங்காவில் எடுத்த படத்தை அவனுக்குத் திறந்து கொடுத்தேன். செம்மண்ணின் மேல் சுட்டியை மெல்ல நகர்த்தினான். எண்கள் மாறிக்கொண்டே வந்தன. ஓரிடத்தில் நிறுத்தி, “சார், இங்க புல்லு இருக்கா?” என்றான்.

இருந்தது.