ஓசையும் உட்பொருளும்



ஓதுவார் பண் எடுத்த அளவிலேயே, சொல்லின் பொருள் விளங்குமுன், நம் நெஞ்சம் நெகிழ்ந்துவிடுகின்றது. இசைக்கு அத்துணை ஆற்றல் உண்டு. அவ்வாற்றல் கொடியோர் கைப்பட்டால் யாதாகும்? பிறிதொரு நாட்டில், பிறிதொரு சமயத்தார் நடுவே நிகழ்ந்த ஒன்றைக்கொண்டு இதனைச் சிந்திப்போம்.

அரபு மொழியில் ‘நஷீத்’ என்னும் பாடல்வகை உண்டு. இசைக்கருவியை விலக்குவோர் பலராதலின், பெரிதும் மிடற்றிசையாகவே பாடப்பெறுவது. இறைவனையும் நபிகளையும் போற்றி, நோன்புக் காலத்தும் மணவீட்டிலும் இசுலாமியப் பெருமக்கள் பாடுவர். ஈராக்கிலும் சிரியாவிலும் கொலைத்தொழில் புரிந்த ‘இஸ்லாமிய அரசு’ என்னும் கூட்டத்தார், 2013-ஆம் ஆண்டில் ‘அஜ்னாத்’ என்றோர் ஒலிப்பதிவு நிலையமே நிறுவி, இவ்வடிவத்தைத் தமக்கு ஏவலாக்கிக்கொண்டனர். 2014-இல் அவர்கள் பரப்பிய ஒரு பாடலின் பெயரே ‘வாள்கள் மோதும் ஓசை’ எனப் பொருள்படும். அதில் முழவு இல்லை. அக்கூட்டத்தாரின் வேறொரு பாடலிலோ வாள் உருவும் ஒலியும், காலடி ஒலியும், துப்பாக்கி வெடியும் கேட்கின்றன!

இணையத்தில் இத்தகையவற்றைக் கண்டறிவது எங்ஙனம்? கைரேகைபோல ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஒரு சுவடு உண்டு. கணிப்பொறி அதனைக் குறித்துவைத்து, அப்பதிவு மீண்டும் வந்தால் பிடித்துவிடும். ஆயினும், விரைவை மாற்றியோ குரலை ஏற்றியிறக்கியோ பரப்பினால் அது தடுமாறுதலும் உண்டு. வேடிக்கை ஒன்று: 2015-இல் எகிப்தியர் சிலர் அதே பாடலை ஆட்டக்காட்சிகளோடு இணைத்து, அக்கூட்டத்தை எள்ளி நகையாடினர். பொறிக்கோ இரண்டும் ஒரே பாட்டு!

ஆகவே மனிதச் செவி வேண்டும். அரபு ஒலி கேட்டவுடன் அஞ்சுதல் அறியாமை. அயல்வீட்டு அன்பர் பாடும் இறைபுகழையும் குற்றமாக்கும் கொடுமையுமாம். இதனை வற்புறுத்தியே சொல்கின்றோம். பாட்டு தொழ அழைக்கின்றதா, கொல்ல அழைக்கின்றதா? ஒரு தலைவனுக்கு அடிமையாக உறுதிமொழி கேட்கின்றதா? மாற்றாரை மனிதரினும் இழிந்தோர் என்கின்றதா? உடன் ஓடும் படங்கள் யாவை? மூலையில் எவர் முத்திரை? மொழி அறியாதார் அறிந்தாரைக் கேட்டறிக. பிள்ளைகள் பொருளறியாது அத்தகைய பாட்டை முணுமுணுத்தால் வெகுளற்க; அருகமர்ந்து, எங்கே கேட்டாய் என்று அன்போடு உசாவுக.

இக்கேடு பிறர் மனையில் மட்டுமே உண்டு என்று எண்ணிவிடலாகாது. 2022-ஆம் ஆண்டு வட இந்தியாவில் இராமநவமி ஊர்வலங்கள் சிலவற்றில், பக்திப் பாட்டின் கோலம் பூண்டு, பிற சமயத்தாரை இகழும் பாடல்கள் ஒலிபெருக்கியில் முழங்கின. அவற்றின் முன்னும் நாம் இதே வினாக்களை எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம்.