சேருமுன் மாணவரிடம் கேளுங்கள்

 

பாத மருத்துவம் படிக்க அமெரிக்கா செல்ல நினைப்போருக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை நோயாளியின் காலைக் காப்பாற்றும் கல்வி இது. படிப்பு 4 ஆண்டு. பின்னர் மருத்துவமனைப் பயிற்சி 3 ஆண்டு. பெரும்பாலான மாநிலங்களில் பயிற்சி இல்லாமல் உரிமம் கிடையாது.

எனவே விளம்பரத்தை நம்பி உம்மாவின் நகையை விற்றுவிடாதீர்கள். அங்கே இறுதியாண்டு படிக்கும் நால்வரிடமாவது மஷ்வரா செய்யுங்கள். நோயாளிகளுக்கு உங்கள் கையாலேயே சிகிச்சை செய்தீர்களா? தேர்வில் தவறியவருக்கு ஆசிரியர்கள் உதவினார்களா? சென்ற ஆண்டு முடித்த எல்லோருக்கும் பயிற்சி இடம் கிடைத்ததா? சொன்ன கட்டணத்துக்கு மேல் எவ்வளவு செலவானது? ஜும்ஆவுக்குப் போக முடிகிறதா?

ஒருவர் மட்டும் சொல்லும் குறை அவருடைய மனத்தாங்கலாக இருக்கலாம். நால்வரும் அதையே சொன்னால் வேறு கல்லூரி பாருங்கள். பிறகு இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.