பிடியில் இருக்கிறது பொருள்



சத்தியாக்கிரகம் என்று கேட்டதும், வேதத்திலிருந்தோ இதிகாசத்திலிருந்தோ வந்த பழஞ்சொல் என்றே தோன்றும். ஆனால், நாம் அறிந்த பொருளில் அது பிறந்தது தென்னாப்பிரிக்காவில், 1908-ஆம் ஆண்டு வாக்கில்.

ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்றது அங்கிருந்த டிரான்ஸ்வால் அரசு. சிறைக்குப் போனாலும் பணிய மாட்டோம் என்று 1906 செப்டம்பர் 11 அன்று ஜொகன்னஸ்பர்க்கில் கூடிய இந்தியர்கள் உறுதி எடுத்தார்கள். போராட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே? ‘பாசிவ் ரெசிஸ்டன்ஸ்’, அதாவது செயலற்ற எதிர்ப்பு, என்றே வழங்கிவந்தார்கள். அது ஆயுதமும் வாக்குரிமையும் இல்லாத பலவீனர்களின் வழி என்று வெள்ளையர் பொருள்கொண்டது காந்திக்குப் பொறுக்கவில்லை. ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில், நல்ல பெயர் தருபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். உறவினர் மகன்லால் காந்தி ‘சதாக்ரகம்’ என்று எழுதிக் கொடுத்தார். அதைத் தெளிவாக்கிச் சத்தியாக்கிரகம் ஆக்கினார் காந்தி.

சத்தியம், ஆக்கிரகம் என்ற இரண்டும் சேர்ந்த தொகைச்சொல் இது. ‘சத்’ என்றால் உள்ளது. உள்ளதோடு ஒட்டி நிற்பது சத்தியம். நாம் பெரும்பாலும் இந்தப் பாதியோடு நின்றுவிடுகிறோம். சொல்லின் வலு மறுபாதியில்தான் இருக்கிறது. ‘க்ரஹ்’ என்ற வினைவேருக்குப் பற்றுதல், பிடித்தல் என்று பொருள். சூரியனைப் பிடிப்பது கிரகணம். மனிதரைப் பிடித்து ஆட்டுவதாக நம்பப்படுவது கிரகம். மணமகளின் கையைப் பற்றுவது பாணிக்கிரகணம். (கிரகப்பிரவேசத்தில் வரும் கிரகம் வேறு, அது வீட்டைக் குறிக்கும் சொல்.) ‘ஆ’ என்ற முன்னொட்டு சேர்ந்த ஆக்கிரகம், விடாப்பிடி. நம் பேச்சில் சொன்னால் உடும்புப்பிடி.

ஆகவே உண்ணாவிரதம் இருப்பதும் சாலையில் உட்காருவதும் மட்டுமே சத்தியாக்கிரகம் ஆகிவிடாது. அவையெல்லாம் கையாளும் முறைகள். எதை விடாமல் பிடித்திருக்கிறோம் என்பதைத்தான் இந்தச் சொல் கேட்கிறது.

அந்தப் பிடியைக் காட்டியவர்களில் தமிழர்கள் ஏராளம். ஜொகன்னஸ்பர்க்கில் வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை 1913-இல் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார். கடும் காய்ச்சலோடு வெளியே வந்தவரிடம், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்டார் காந்தி. இப்போதே மறுபடி கைது செய்தாலும் போகத் தயார் என்றார் அந்தப் பெண். 1914 பிப்ரவரி 22 அன்று அவர் காலமானார். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலில் காந்தி இதைப் பதிவு செய்திருக்கிறார்.