ஸ்ரீபெரும்புதூர்: சம்பளச் சீட்டுல இருக்கிற ஊர்

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ஹைவேயில போயிருக்கீங்களா? ஷிஃப்ட் மாறுற நேரத்துல வரிசையா கம்பெனி பஸ் போகும். உள்ள பாதிப் பேர் ஜன்னல்ல தலைசாய்ச்சுத் தூங்கிட்டிருப்பாங்க. இன்னைக்கு அவங்க இறங்குற ஊரைப் பத்திப் பேசலாம். அவங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தெருவுக்கு யார் பொறுப்பு?

முதல்ல ஊர். ஸ்ரீபெரும்புதூர், சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஏரிகள் நிறைஞ்ச பூமி. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினா, உபரித் தண்ணி செம்பரம்பாக்கத்துக்கு வரும். அங்கிருந்து அடையாறு. அதனால இங்க ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனா, அது சைதாப்பேட்டைக்காரங்க கவலையும்தான்.

வரலாறுன்னா, 1017-ல ராமானுஜர் பிறந்த ஊர். சித்திரைத் திருவாதிரைக்கு இன்னைக்கும் ஆதிகேசவப் பெருமாள் கோயில்ல கூட்டம் அலைமோதும். 1991 மே 21 அன்னைக்கு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் இங்கதான். பிறகு 1998-ல இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிய வந்துச்சு. 2006-ல நோக்கியா உற்பத்தி தொடங்கி, 2014-ல ஆலையையே மூடினாங்க. 2012-ல ஒரகடத்துல டெய்ம்லரோட பாரத்பென்ஸ் லாரி ஆலை திறந்தாங்க.

இவ்வளவு நடந்தும், 2011 கணக்கெடுப்பு நேரத்துல ஸ்ரீபெரும்புதூர் 24,864 பேர் இருந்த ஒரு பேரூராட்சிதான். ஆலைகள்ல நிறைய, ஊர் எல்லைக்கு வெளிய, சுத்தி இருக்கிற கிராம ஊராட்சிகள்ல இருக்கு. தொழிற்பேட்டைக்குள்ள ரோடும் தண்ணியும் சிப்காட் பார்த்துக்கும். காம்பவுண்டைத் தாண்டினா தெருவிளக்கும் குப்பையும் ஊராட்சியோட வேலை.

இப்ப ஜெர்மனிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம். டெய்ம்லரோட பெரிய லாரி ஆலை அங்க வோர்த் அம் ரைன்ங்கிற ஊர்ல இருக்கு. ரைன் நதிக்கரையில, சுமார் 18,000 பேர் வாழுற சின்ன டவுன். அந்த நாட்டுல கம்பெனி லாபத்து மேல ஒரு தொழில் வரி உண்டு. அதோட விகிதத்தை ஊர் மன்றமே முடிவு பண்ணும். வசூலாகுறதுல பெரும் பங்கு ஊருக்கே. ஒரு இத்தாலிக்காரர் அங்க குடியிருந்தாலும் உள்ளாட்சித் தேர்தல்ல ஓட்டுப் போடலாம்.

நம்ம ஊர்ல? காருக்கான ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகுது. உள்ளாட்சிக்கு நேரா வர்றது முக்கியமா சொத்து வரி, அப்புறம் தொழில் வரி. இந்தத் தொழில் வரியை உங்க சம்பளச் சீட்டுலயே பார்க்கலாம். ஒருத்தர்கிட்ட ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு அரசியல் சட்டமே சொல்லுது. அந்த உச்சவரம்பு வச்சது 1988-ல!

கொஞ்சமோ நிறையவோ, காசு உங்க பாக்கெட்டிலிருந்து போகுது. ஆனா கிராமசபையில உட்கார்ந்து கணக்கு கேட்கணும்னா, அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். ரூம்ல தங்கியிருக்கிற திருவண்ணாமலைப் பொண்ணுக்கும் ஒடிசா தம்பிக்கும் பேர் பெரும்பாலும் சொந்த ஊர்லதான் இருக்கும். அப்போ வார்டு மெம்பருக்கு அவங்க ஓட்டும் இல்ல, ஆளும் இல்ல.

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? பூந்தமல்லி பக்கத்துல ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கின விடுதியில சாப்பாடு ஒத்துக்காம நிறையப் பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அந்தப் பொண்ணுங்க ஹைவேயில உட்கார்ந்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்துச்சு. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்குற குடியிருப்பைத் திறந்தாங்க. நல்ல விஷயம். ஆனா படுக்கை கிடைச்சுதுங்கிறதும் ஊர்ல குரல் கிடைச்சுதுங்கிறதும் ஒண்ணு இல்ல.

இதுக்கு வழி இருக்கு. நீங்க வழக்கமா குடியிருக்கிற இடத்துல வாக்காளரா பதிவு பண்ணலாம். அது வாடகை ரூமா இருந்தாலும் சரி. ஏற்கெனவே வேற ஊர்ல பேர் இருந்தா, படிவம் 8 கொடுத்து மாத்திக்கலாம். ஊர்த் திருவிழாவுக்குப் போறதை அது தடுக்காது.

அடுத்த கிராமசபை எப்பன்னு கேட்டா, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 — இந்த நாலு தேதியையும் மறக்காதீங்க. லீவு நாள்தான். தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.