ரஸ்தாவின் அகலமும் அதன் ஓரமும்



ஒரு ரஸ்தா எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்பதை அறிய அதன் அகலத்தை அளந்தால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அகலம் முக்கியமே, ஆயினும் அது பாதிக் கணக்குத்தான். மீதிக் கணக்கு ஓரத்தில் இருக்கிறது.

1934-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட இந்திய ரஸ்தா காங்கிரஸ், 1990-ல் இவ்விஷயமாக நாட்டுப்புறத்துக்கு ஒன்றும் நகரத்துக்கு ஒன்றுமாக இரண்டு விதிமுறைகளை வெளியிட்டது. பலவித வண்டிகளையும் ஒன்றாகக் கூட்டுவதற்காக ஒரு மோட்டார்க் காரே அளவாகக் கொள்ளப்பட்டது. நாட்டுப்புறக் கணக்கில் ஒரு லாரி 3 காருக்குச் சமானம். பெரிய மாட்டுவண்டியோ 8 காருக்குச் சமானம். மெதுவாகச் செல்லும் வண்டியின் பின்னால் மற்றவை யாவும் தேங்கி நிற்பதே இதற்குக் காரணம்.

வளைவு குறைந்த சமவெளியில் 3.75 மீட்டர் அகலமுள்ள ரஸ்தாவுக்கு நாளொன்றுக்கு 2,000 கார் அளவே தகும்; 7 மீட்டர் அகலமாயின் 15,000 தகும். எதிரே வரும் வண்டிக்காக மண்ணில் இறங்கும் அவசியம் நீங்குவதால் இவ்வளவு லாபம். இருபுற ஓரங்களிலும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் தளம் போட்டால் நூற்றுக்கு 15 பங்கு மேலும் கூடும்.

நகரத்தில், கடைவாசல்களும் நிறுத்திய வண்டிகளும் இல்லாத இருவழி ரஸ்தாவுக்கு மணிக்கு 1,500 அளவு தகும். அதே ரஸ்தாவில் கடைகள் நேரே திறந்து, வண்டிகளும் ஓரத்தில் நின்றால் 900 தான். ஓர் அங்குலமும் குறையாமலே நூற்றுக்கு 40 பங்கு போய்விடுகிறது.

இந்த நஷ்டம் கிராமத்தையும் தொடர்கிறது. நெருக்கடியைத் தவிர்க்க ஊருக்கு வெளியே புறவழி ரஸ்தா போடப்படுகிறது. முதலில் ஒரு காபிக்கடை, பிறகு ஒரு பட்டறை, சில வருஷங்களில் அதுவும் கடைத்தெரு. அப்பால் இன்னொரு புறவழிக்காக மறுபடியும் நஞ்சை நிலம் எடுக்கப்படுகிறது. நிலத்தை இழப்பவன் குடியானவன். அபாயத்துக்கு உள்ளாவது ரஸ்தாவைக் கடந்து பள்ளிக்கூடம் செல்லும் குழந்தை.

தேசிய நெடுஞ்சாலையில் புதிய வழி திறக்க அனுமதி வேண்டுமென்று 2002-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. கடைகளைப் பக்கத்தெருவில் அமைத்து, அத்தெருவை ஒரே இடத்தில் நெடுஞ்சாலையோடு சேர்க்கலாம். பஸ் ஒதுங்கி நிற்கத் தனியிடம் விடலாம். நெல் உலர்த்த ரஸ்தாவை நாடாதபடி ஊருக்கு ஒரு களம் அமைக்கலாம். இவற்றுக்குப் பஞ்சாயத்தே முன்வர வேண்டும்.

ரஸ்தாவை அகலப்படுத்தச் சர்க்காரின் பணம் வேண்டும். அதன் ஓரத்தைக் காக்க ஊராரின் ஒற்றுமை வேண்டும். பின்னது இல்லையேல் முன்னது வீணே.