பிழைப்புக்கு அப்பாலும் ஒரு பாடம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குறுகிய காலப் படிப்பொன்று ஓர் ஊரின் தலையெழுத்தையே மாற்றக்கூடும் என்பதற்குச் சிவகாசியே சான்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைச் சில மாதங்களில் கற்றுத் திரும்பினர். மழை பொய்க்கும் இக்கரிசல் பூமியில் தீப்பெட்டித் தொழிலும், அதன் வழியே பட்டாசும் அச்சும் தழைப்பதற்கு அக்கல்வியே வித்தாயிற்று.

அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. எனினும் அதுவே பல பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பறித்தும் கொண்டது. சட்டங்களில் தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்களே ஏற்றவை எனக் கருதப்பட்ட காலம் அது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் வேலையளித்தவர் 20,000 ரூபாயை நலநிதியில் செலுத்த வேண்டும் என்றது. அன்று பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று நாற்பது வயதை ஒட்டி நிற்கிறார். கற்றிருக்க வேண்டிய ஆண்டுகளை எத்தீர்ப்பும் அவருக்கு மீட்டுத் தர இயலாது.

அத்தகையோரையும் எண்ணி எழுந்தவையே சமுதாயக் கல்லூரிகள். 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் இம்முயற்சியைத் தொடங்கின. 2002இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் இதனைப் பல ஊர்களுக்கும் கொண்டு சென்றது. தொழில்திறனோடு வாழ்க்கைத் திறனையும் பாடமாக வைத்தமை இக்கல்லூரிகளின் சிறப்பு.

ஆயினும், ‘இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?’ என்ற கேள்வியே அவற்றின் வாசலில் முதலில் எழுகிறது. வயிறு கேட்கும் கேள்வியை இகழ்தல் தகாது. ஆனால் அது ஒன்றே கேள்வியாகிவிடலாமா? ‘இப்பிள்ளையால் இன்று எவ்வளவு கூலி வரும்?’ என்ற கணக்குத்தானே அன்று அச்சிறுமியைத் தீக்குச்சிச் சட்டத்தின் முன் அமர்த்தியது? எனவே பாடத்தைத் தெரிவு செய்வோர் வேறிரு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஒன்று: அன்றாடத்தில் எவ்விடத்தில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க நேர்கிறது? வங்கிப் படிவமா, மருந்துச் சீட்டா, வைப்புநிதிக் கணக்கா? 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. அதன்பின் ஆலைகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. தம் கூலியை நிறுத்திய தீர்ப்பில் யாது கூறப்பட்டது என்பதைத் தாமே படித்தறிய இயலாதவர் எத்தனை பேர்! புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. எவர் துணையும் இன்றிச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்றுவர உதவியதால் அதுவும் உயர்ந்த பாடமே.

இரண்டு: கூலியில் ஒரு காசும் கூடாவிடினும் எதைக் கற்க மனம் விழைகிறது? டென்மார்க்கில் 1844இல் முதல் மக்கள் உயர்நிலைப் பள்ளி தோன்றக் காரணமான கருத்தை விதைத்த குருண்ட்விக் ஒரு கவிஞர். உழவர் மக்களுக்குத் தேர்வு அச்சமில்லாக் கல்வி வேண்டுமென்றார் அவர். வரலாறும் பாட்டும் தாய்மொழியும் அங்கே பாடங்களாயின. உழைப்பவருக்குப் பாட்டு எதற்கு என்று கேளாத ஒருவர் கவிஞராக இருந்தது தற்செயல் அன்று.

தெரிவில் நடைமுறை அறிவும் வேண்டும். பலவற்றில் சேர்ந்து பாதியில் விடுவதினும் ஒன்றைக் கற்று முடித்தல் நன்று. முன்னர்ப் படித்தவரிடம் கேட்டறிதல் நன்று. இயலுமேல் ஒரு நாள் வகுப்பில் அமர்ந்து பார்த்தல் இன்னும் நன்று. மாலையில் திரும்பிவரப் பேருந்து உண்டா என்பதும் பாடத்திட்டத்திற்கு நிகரான செய்தியே. தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாட்கள், கற்கத் தொடங்க ஏற்ற பருவம்.

இளமையிலேயே பள்ளியை விட்டுக் கடையில் அமர்ந்த விருதுநகர்ச் சிறுவர் காமராசர், சிறைவாசத்தையும் படிப்புக் காலமாக்கிக் கொண்டார். அவருக்கு அப்படிப்பைப் பரிந்துரைத்த கல்லூரி எதுவுமில்லை. உள்ளத்தின் பசியே பரிந்துரைத்தது. முதலமைச்சரான பின் ஊர்தோறும் பள்ளி திறந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் அளித்தார். அப்பசியை அறிந்தவர் செய்த செயல் அது.

சிவகாசியில் ஆண்டுதோறும் நாட்குறிப்பேடுகள் அச்சாகின்றன. அவற்றை மடித்தும் தைத்தும் அடுக்கும் கைகளுள், தம் ஒரு நாளையேனும் அதில் எழுதி வைக்க இயலாத கைகளும் உண்டு. பத்தாண்டுகளாகக் கவிதையைப் போற்றிவரும் இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு மாலை வகுப்பைத் தொடங்கட்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டா. அங்கே பயின்ற ஒருவர் தம் நாளைத் தம் சொல்லால் ஒரு பக்கம் எழுதி, இதே மேடையில் படிப்பாராயின் அதுவே போதும்.