கையெழுத்துக்கு முன் ஒரு சொல்



கொல்கத்தாவில் வாழும் நாம் இப்போது தமிழ் படிக்கிறோம். பேர் எழுதுகிறோம். கடிதம் எழுதுகிறோம். ஆனால் தெருவில் இறங்கினால் என்ன பார்க்கிறோம்? பலகைகளில் வங்காளம், இந்தி, ஆங்கிலம். லேக் மார்க்கெட் பக்கம் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். தமிழ் எழுத்தைத்தான் தேட வேண்டும். ஆகவே நமக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தேவை. அதைப் பற்றி இன்று பேசலாம்.

முதலில் ஒரு கதை. உண்மையாக நடந்தது.

1828-ஆம் ஆண்டு. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பீர்சிங்க என்ற கிராமத்திலிருந்து தன் தந்தையுடன் கல்கத்தாவுக்கு நடந்து வந்தான். அப்போது இந்த ஊருக்குக் கல்கத்தா என்றுதான் பெயர். 2001-இல்தான் கொல்கத்தா ஆயிற்று. வழியில் சாலை ஓரம் கற்கள் நட்டிருந்தன. அம்மிக் கல்லை ஏன் இங்கே நட்டிருக்கிறார்கள் என்று சிறுவன் கேட்டான். தந்தை சிரித்தார். அது மைல்கல் என்றார். கல்லில் இருந்த ஆங்கில எண்ணையும் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, நடக்க நடக்கச் சிறுவன் எண்களைக் கற்றுக்கொண்டான்.

தந்தை அவனைச் சோதிக்க நினைத்தார். ஆறாம் கல்லைக் காட்டாமல் கடந்தார். ஐந்தாம் கல்லைக் காட்டினார். இது ஆறாக இருக்க வேண்டும், தவறாக ஐந்து என்று எழுதிவிட்டார்கள் என்றான் பையன்!

அந்தச் சிறுவன்தான் ஈசுவர சந்திர வித்யாசாகர். 1855-இல் அவர் எழுதிய ‘வர்ண பரிசய்’ வங்காளக் குழந்தைகளுக்கு அரிச்சுவடி ஆயிற்று.

எதற்குப் பின் எது வரும் என்ற வரிசையை அவர் பிடித்துக்கொண்டார். ஆங்கில வாக்கியத்திலும் வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இனி என் கதை. கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் ஓர் இடத்தில் வேலை செய்தேன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டத் தெரியும். பொருள் தெரியாது. 600 ரூபாய் கூலி வர வேண்டும். 400 ரூபாய் கொடுத்தார்கள். மீதி நாளைக்கு என்றார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். ‘ஐ ரிசீவ்ட் மை வேஜஸ் ஃபுல்லி’ என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கேட்டபோது தாளைக் காட்டினார்கள். ‘என் கூலியை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்பது அதன் பொருளாம். ‘ஃபுல்லி’ என்ற ஒரு சொல்லில் என் 200 ரூபாய் போயிற்று.

அந்த வாக்கியத்தையே இன்று பிரித்துப் பார்ப்போம். அதில் மூன்று வகைச் சொற்கள் முக்கியம்.

‘ஐ’ என்றால் நான். ஒருவர் பெயருக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர். ‘ரிசீவ்ட்’ என்றால் பெற்றேன். இது செயலைச் சொல்லும் வினைச்சொல். ‘ஃபுல்லி’ என்றால் முழுமையாக. செயல் எப்படி நடந்தது என்று சொல்வது வினையுரிச்சொல்.

யார்? என்ன செய்தார்? எப்படிச் செய்தார்? இந்த மூன்று கேள்விகளை நினைவில் வையுங்கள்.

தமிழில் ‘வந்தேன்’ என்று மட்டும் சொன்னால் போதும். வந்தது நான்தான் என்று தெரியும். ‘வந்தாள்’ என்றால் ஒரு பெண் என்று தெரியும். ஆளைக் காட்டும் வேலையைச் சொல்லின் வால் செய்கிறது. வங்காளத்திலும் வால் உண்டு. ‘ஜாபோ’ என்றால் போவேன். ‘ஜாபே’ என்றால் போவான், போவாள் இரண்டும்தான். ஆண், பெண் பிரிவு அதில் இல்லை.

ஆங்கிலத்தில் ‘கேம்’ என்றால் வந்தது யார்? தெரியாது. ஐ கேம், யூ கேம், ஹீ கேம், ஷீ கேம், தே கேம். எல்லாவற்றிலும் ஒரே ‘கேம்’தான். ஆகவே முன்னால் ஆளைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் அதை விட்டுவிடக் கூடாது. தினமும் நடக்கும் செயலைச் சொல்லும்போது ஹீ, ஷீ இரண்டுக்கும் பின்னால் வினையில் ‘ஸ்’ ஒலி சேரும். ஐ கம். ஹீ கம்ஸ்.

இன்னொன்று. வங்காளத்தில் ‘ஷே’ என்பது அவனுக்கும் அவளுக்கும் பொது. ஆங்கில ‘ஷீ’ பெண்ணுக்கு மட்டும். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆஸ்பத்திரியில் மகனைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹீ’ என்று சொல்லுங்கள்.

அடுத்து வரிசை. ‘அவன் அவளைக் கூப்பிட்டான்’, ‘அவளை அவன் கூப்பிட்டான்’. தமிழில் இடம் மாறினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் செய்தவர் முன்னால். வினை நடுவில். ‘ஹீ கால்டு ஹெர்’ என்றால் அவன் அவளைக் கூப்பிட்டான். ‘ஷீ கால்டு ஹிம்’ என்றால் அவள் அவனைக் கூப்பிட்டாள். பின்னால் போனதும் ஷீ ‘ஹெர்’ ஆகிறது. ஹீ ‘ஹிம்’ ஆகிறது.

மூன்றாவது, எப்படி என்ற சொல். கொல்கத்தா பஸ்ஸில் ஒரு பெண் இறங்கும்போது கண்டக்டர் என்ன சொல்வார்? “ஆஸ்தே, லேடீஸ்!” ஆஸ்தே என்றால் மெதுவாக. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். சிறிய சொல்தான். ஓர் உயிரைக் காக்கிறது.

தமிழில் இந்தச் சொல் வினைக்கு முன் வரும். மெதுவாகப் பேசுங்கள் என்கிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னால் வரும். ‘ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.’ நம் ‘ஆக’ போல அங்கே ‘லி’ என்று பல சொற்கள் முடியும். ஸ்லோலி, மெதுவாக. ஃபுல்லி, முழுமையாக. பார்ட்லி, ஒரு பகுதியாக. ஆனால் எப்போதும் என்ற ‘ஆல்வேஸ்’, ஒருபோதும் இல்லை என்ற ‘நெவர்’ இரண்டும் பெரும்பாலும் வினைக்கு முன் நிற்கும். ‘ஷீ ஆல்வேஸ் கம்ஸ் எர்லி.’ அவள் எப்போதும் சீக்கிரம் வருகிறாள்.

இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. யார்? ஷீ. என்ன செய்கிறாள்? கம்ஸ். எப்படி? எப்போதும், சீக்கிரமாக.

இன்று யாராவது அந்தத் தாளை மறுபடி நீட்டினால் நான் என்ன செய்வேன்? முதலில் ‘ஃபுல்லி’ இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அடிக்கச் சொல்வேன். ‘ஐ ரிசீவ்ட் ஒன்லி 400 ருபீஸ்’ என்று எழுதச் சொல்வேன். 400 ரூபாய் மட்டுமே பெற்றேன் என்று பொருள். ‘ஒன்லி’ என்றால் மட்டும். அதன் பிறகே கையெழுத்து.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பலகையைப் பாருங்கள். வித்யாசாகர் மைல்கல்லைப் பார்த்தது போலப் பாருங்கள். யார், என்ன, எப்படி என்று கேளுங்கள். தெரியாத சொல்லை நோட்டில் எழுதி வாருங்கள். நாளை சேர்ந்து படிப்போம்.

படிக்காமல் போடும் கையெழுத்தும் கைநாட்டுதான். படித்துவிட்டுப் போடுவோம்.